நாலு மணி முதல் எட்டு மணி வரை: பிள்ளைகளின் எடை ஏறும் நேரமும் அதைச் சீர்செய்யும் முறையும்

"கொஞ்சம் பூசினாப்புல இருந்தாத்தான் பிள்ளைக்கு அழகு" என்று அப்பத்தா சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் மெலிவுதான் பயம். காய்ச்சல் வந்தால் தாங்கச் சதை வேண்டும் என்பது அன்றைய கணக்கு. இன்று காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால், ரத்தசோகையில் வெளுத்துப்போன பிள்ளையும், பத்து வயதிலேயே பின்கழுத்து கறுத்துத் தடித்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கக்கூடும். உலக அளவில் 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்களின் விகிதம் கூடிவிட்டதாக யுனிசெஃப் 2025இல் அறிவித்தது. இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 2.1 சதவீதம், 2019-21 கணக்கெடுப்பில் 3.4 சதவீதம்.

செட்டிநாட்டுச் சாப்பாட்டின் மேல் பழி போட்டால் பாதிப் பிரச்சினை கண்ணில் படாமலே போய்விடும். காலை இட்லி, இடியாப்பம்; மதியம் சோறு, குழம்பு, கூட்டு, பொரியல், மண்டி (அரிசி கழுவிய நீரில் புளி சேர்த்து வைப்பது). இவற்றை மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடும் பிள்ளைக்கு எடை ஏறுவது அரிது. பள்ளி மணி அடித்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரையிலான நாலு மணி நேரத்தில்தான் பெரும்பாலும் ஏறுகிறது. அந்த நேரத்தைச் சரிசெய்தால், மற்ற வேளைகளில் பெரிதாகக் கை வைக்க வேண்டிய தேவை இருக்காது.

முதலில் அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்துக் "குண்டு", "ஒல்லி" என்று முடிவு செய்யாதீர்கள். சொந்தப் பிள்ளையின் எடையைப் பெற்றவர்கள் குறைத்து மதிப்பிடுவது சகஜம்.

உயரம் எடுக்கச் செருப்பைக் கழற்றி, தலைமுடியைத் தளர்த்தி, பிள்ளையைச் சுவரோடு ஒட்டி நிற்கவையுங்கள். குதிகால், பின்புறம், பின்தலை மூன்றும் சுவரில் பட வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து டேப்பால் அளங்கள். சுவரின் அடியில் பலகை ஓரம் துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடம் வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் கணக்கு மாறும்.

எடை எந்திரத்தைப் பாய், ஜமுக்காளம், ரப்பர் விரிப்பு எதன் மேலும் வைக்கக் கூடாது. ஆத்தங்குடி கல் பதித்த சமதளத் தரை இருந்தால் வேறு இடம் தேட வேண்டாம். காலையில் கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே வகை லேசான உடுப்பில் மாதம் ஒருமுறை போதும். தினமும் எடை பார்க்கும் வீட்டில் 300 கிராம் ஏறி இறங்குவதற்கெல்லாம் பிள்ளை திட்டு வாங்கும். அந்த ஏற்ற இறக்கம் வயிற்றில் இருக்கும் தண்ணீராலும் உணவாலும் வருவது; கொழுப்பு அல்ல.

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. பெரியவர்களுக்கான 23, 25 என்ற எல்லைகள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வயதுக்கும் ஆண், பெண் என்பதற்கும் ஏற்ப எல்லை மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அளவீட்டின்படி சில வயதுகளுக்கு மட்டும்:

7 வயது: பையன் 17.0க்கு மேல் அதிக எடை, 19.0க்கு மேல் பருமன். பெண் 17.3, 19.8.
10 வயது: பையன் 18.5, 21.4. பெண் 19.0, 22.6.
13 வயது: பையன் 20.8, 24.8. பெண் 21.8, 26.2.

இடைப்பட்ட வயதுகளுக்குக் குழந்தை மருத்துவரிடம் உள்ள வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துப் பார்க்கலாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டையில் எல்லைகள் இன்னும் சற்று இறுக்கமாக இருக்கும். வீட்டில் இன்னொரு எளிய சோதனையும் உண்டு. விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப் வைத்து இடுப்பளவை எடுங்கள். அது உயரத்தில் பாதிக்கு மேல் போனால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது என்று பொருள். 138 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 69 செ.மீ. எல்லை.

எடையைக் குறைக்க வேண்டாம், நிறுத்திவைத்தால் போதும்

அளந்து முடித்த அன்றே சோற்றை நிறுத்துவது, இரவுச் சாப்பாட்டைப் பாலாக மாற்றுவது, மெலிய வைக்கும் பொடி வாங்குவது என்று இறங்கிவிடுகிறார்கள். வளரும் பிள்ளைக்கு இது எதுவும் வேண்டியதில்லை. உயரம்தான் உங்கள் பக்கம் நிற்கும் துணை.

ஒரு கணக்கு. 10 வயதுப் பையன், உயரம் 138 செ.மீ., எடை 42 கிலோ. 42ஐ 1.38ஆல் இருமுறை வகுத்தால் 22.05. எல்லை 21.4, ஆக, பருமன். இதே 42 கிலோவில் நிறுத்திவைத்து, 11 வயதில் 143.5 செ.மீ. வளர்ந்தால் பி.எம்.ஐ. 20.4, பருமன் போய் அதிக எடை என்ற நிலை. 12 வயதில் 149 செ.மீ. ஆகும்போது 18.9. அந்த வயதுக்கு அதிக எடையின் எல்லை 19.9 என்பதால் இயல்பு நிலைக்கு வந்துவிடுகிறான். நடுவில் இரண்டு கிலோ கூடி 44 ஆனாலும் 19.8தான். இரண்டு வருடத்தில் ஒரு கிலோகூடக் குறைக்காமல் வந்த மாற்றம் இது. அவசரப்படும் அப்பாமார்களிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உணவைக் கட்டுப்படுத்தும் பேச்சே கூடாது. மிக அதிகப் பருமன் உள்ள வளரிளம் பிள்ளைக்கு எடை குறைப்பு தேவைப்படலாம்; அது மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்.

நாலு மணிப் பசி நிஜமான பசி

மதியம் 12.30க்குச் சாப்பிட்ட பிள்ளை 4.30க்கு வேனை விட்டு இறங்குகிறது. இடையில் நாலு மணி நேரம். டிபன் பாக்ஸ் பாதியாகத் திரும்பி வந்திருந்தால் பசி இரட்டிப்பு. முதல் நாள் செய்ய வேண்டிய வேலை, பாக்ஸைத் திறந்து பார்ப்பது. மிச்சம் வந்தால் ஏன் என்று கேளுங்கள். "நேரமில்ல", "ஆறிப்போயிருச்சு", "பக்கத்துல இருக்கிறவன் சிரிக்கிறான்" என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் சாயங்காலத் தீனியை மட்டும் பிடுங்கினால் பிள்ளை ஒளித்துத் தின்னப் பழகும்.

இன்றைய சாயங்காலம் பல வீடுகளில் எப்படிப் போகிறது? பள்ளி வாசல் பெட்டிக்கடையில் 200 மி.லி. மாம்பழ பானம், ஏறக்குறைய 105 கலோரி. வேனில் 45 கிராம் சிப்ஸ் பாக்கெட், 245. வீட்டில் இடைப்பலகாரமாக நாலு வெள்ளைப் பணியாரம், 300ஐ நெருங்கும். டியூசனுக்குப் போகும் முன் சத்து மாவும் இரண்டு கரண்டி சர்க்கரையும் போட்ட பால், 245. கூட்டினால் 900க்குப் பக்கம். பத்து வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 2,200 கலோரி. சாப்பாடு என்று எதையும் உட்கார்ந்து சாப்பிடாமலே நாளின் 40 சதவீதம் உள்ளே போய்விட்டது. இரவு ஒன்பதுக்குப் புரோட்டா கேட்டால் அதுவும் சேரும்.

இதற்கு மாற்று: ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கொய்யா, சர்க்கரை போடாத 150 மி.லி. பால். மொத்தம் 330 கலோரி அளவில் நிற்கும், வயிறும் எட்டு மணிவரை தாங்கும். சுண்டலில் உள்ள புரதமும் நாரும் மெதுவாகச் செரிப்பதுதான் காரணம்.

சுண்டல் தினமும் ஆகாது என்று சொல்வதற்குக் காரணம் ஊறவைக்க மறந்துபோவதுதான். ஞாயிறு இரவு அரை கிலோ கறுப்புக் கொண்டைக்கடலையை மூழ்கத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். எட்டு மணி நேரம் கழித்து உப்புப் போட்டு நாலைந்து விசில் விட்டு, தண்ணீரை வடித்து (அதை ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்), ஆறியதும் நாலு டப்பாவில் பிரித்து உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். நாலு பேர் வீட்டுக்கு நாலு நாள் வரும். தலைக்கு 30 கிராம் கடலை, சுமார் 6 கிராம் புரதம். சாயங்காலம் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, வரமிளகாய் தாளித்து, டப்பாவைக் கவிழ்த்து, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய்த் துருவல். ஐந்தே நிமிடம். ஒரு நாள் பாசிப்பயறு, ஒரு நாள் தட்டப்பயறு, ஒரு நாள் அவித்த வேர்க்கடலை, ஒரு நாள் முட்டை என்று மாற்றிக்கொள்ளலாம். தை மாதம் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, வெள்ளரி. நாளும் ஒரே சுண்டலைக் கொடுத்தால் இரண்டாவது வாரமே சலித்துப்போகும்.

பலகாரமும் எண்ணெய்க் கணக்கும்

பலகாரத்தை ஒழித்துவிடச் சொல்லவில்லை. வெள்ளைப் பணியாரமும் சீயமும் கந்தரப்பமும் நல்ல நாளுக்கு உரியவை. அவை வாரத்தில் ஐந்து நாள் தட்டில் வந்து விழுவதுதான் பிரச்சினை. வாரம் ஒரு நாள், சனி அல்லது ஞாயிறு, பலகார நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று பிள்ளைக்கு மூன்று கொடுங்கள், முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

ஒரு பணியாரம் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பதை உங்கள் வீட்டிலேயே அளக்கலாம். வாணலியில் 500 மி.லி. எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். சுட்டு முடித்து, ஆறவிட்டு, வடிகட்டித் திரும்ப அளங்கள். 420 மி.லி. மிஞ்சி, 20 பணியாரம் வந்திருந்தால், ஒன்றுக்கு 4 மி.லி. எண்ணெய், அதாவது ஏறக்குறைய 33 கலோரி. மாவின் கணக்கு தனி. அளவு இதைவிடக் கூடினால் கோளாறு மாவிலோ தீயிலோ இருக்கும். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி, அதன் மேல் கோபுரமாக நிற்கும் அளவு உளுந்து என்பது பழைய அளவு. உளுந்து கூடினாலும் மாவு நீர்த்தாலும் எண்ணெய் இழுக்கும். எண்ணெய் காயும் முன்பே ஊற்றினால் மேல்தோல் பிடிக்காமல் எண்ணெய் உள்ளே போகும். சோடா உப்புப் போட்டால் மாவில் துளைகள் கூடி இன்னும் அதிகம் குடிக்கும். சுட்ட எண்ணெயை மறுநாள் மீண்டும் பொரிக்க எடுக்காதீர்கள்.

மற்ற நாட்களுக்குக் குழிப்பணியாரம். இரண்டு கப் இட்லி மாவு, ஒரு பெரிய வெங்காயம் பொடியாக நறுக்கியது, அரை கப் காரட் துருவல், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளிப்பு. குழிக்குக் கால் தேக்கரண்டி எண்ணெய் போதும். 12 குழிக்கு மூன்று தேக்கரண்டிதான் ஆகும். மூடி போட்டு மிதமான தீயில் இரண்டு, மூன்று நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். ஒட்டுகிறதே என்று எண்ணெயைக் குழி நிறைய ஊற்றுவார்கள். ஒட்டுவது கல் பழகாததால். புதுக் கல்லில் எண்ணெய் தடவி, காயவைத்து, ஆறவைப்பதை மூன்று நான்கு முறை செய்தால் சரியாகிவிடும்.

மாதக் கணக்கும் பாருங்கள். சமையலுக்கு ஆளுக்கு மாதம் 500 முதல் 600 மி.லி. எண்ணெய் என்பது நல்ல இலக்கு. நாலு பேருக்கு இரண்டு, இரண்டரை லிட்டர். செட்டிநாட்டுச் சமையலில் தேங்காயும் முந்திரியும் கசகசாவும் அரைத்து விடும்போது கொழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் சேர்வதால் இதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. கோழி வறுவலில் கோழியும் மிளகும் கெடுதல் செய்வதில்லை. மேலே மிதக்கும் எண்ணெயைத்தான் பார்க்க வேண்டும். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் தினமும் வேண்டாம். கடலைக் குழம்போ, எண்ணெய் குறைத்த தெரக்கலோ (காய் போட்டு மசாலா அரைத்துவிடும் தொடுகறி) வைத்துக் கொடுங்கள்.

சர்க்கரை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது

பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஐந்து தேக்கரண்டிக்குள், வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை நிற்க வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 மி.லி.க்கு எவ்வளவு சர்க்கரை என்று இருக்கும். 12 கிராம் என்று போட்டு, பாட்டில் 250 மி.லி. என்றால், 12ஐ இரண்டரையால் பெருக்குங்கள்: 30 கிராம், ஆறு தேக்கரண்டி. அன்றைய கணக்கு ஒரே பாட்டிலில் முடிந்துவிட்டது.

வெல்லமும் கருப்பட்டியும் தேனும் வேறு என்று நினைப்பவர்கள் நம் பக்கம் நிறைய. 100 கிராம் சர்க்கரையில் 400 கலோரி என்றால் வெல்லத்தில் 380 அளவு. எடைக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். கும்மாயத்தில் உளுந்தும் பாசிப்பருப்பும் இருப்பது நல்லது. அதில் இறங்கும் கருப்பட்டியும் நெய்யும் அதை விசேஷ நாள் உணவாக்குகின்றன. கவுனி அரிசியும் அப்படியே. தவிடு நீக்காத நல்ல அரிசி அது. சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்ந்த பிறகு இனிப்பாகிவிடுகிறது. அதே அரிசியில் உப்புக் கஞ்சி வைத்து மோர் ஊற்றிக் கொடுத்தால் காலை உணவாகும்.

டப்பாவில் வரும் பால் கலவைப் பொடிகளைப் பற்றி ஒன்று. "ஹெல்த் டிரிங்க்" என்று நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை; இதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. பிள்ளை பாலைக் குடிக்க அந்த வாசனை வேண்டும் என்றால் முதல் வாரம் பொடியைப் பாதியாக்குங்கள், அடுத்த வாரம் கால். சர்க்கரையையும் அதேபோல் ஒவ்வொரு வாரமும் அரைக் கரண்டி குறையுங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் பாலே வேண்டாம் என்று பிள்ளை அடம்பிடிக்கும். பழச்சாறு வேண்டாம், பழம் போதும்.

தட்டு

வாழை இலையில் சோற்றுக்கு முன்பே கூட்டும் பொரியலும் வைப்பது நம் முறை. பிள்ளையின் தட்டிலும் அதைக் கடைப்பிடியுங்கள். பிள்ளையின் மூடிய கையளவுக்கு இரண்டு பங்கு காய், ஒரு பங்கு சோறு, உள்ளங்கை அளவு பருப்போ முட்டையோ மீனோ. பெரியவர் கையால் அளக்காதீர்கள். இன்னும் கேட்டால் முதலில் காய். பிறகு பத்து நிமிடம் பொறுத்துச் சோறு. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். கைபேசியில் படம் பார்த்துக்கொண்டு ஊட்டினால் அந்தச் செய்தி வந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது. "தட்டைக் காலி பண்ணு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். போதும் என்று சொல்லும் பழக்கம் பிறவியிலேயே இருப்பது, நாம்தான் அதை அழிக்கிறோம். இரவுச் சாப்பாட்டை ஏழரை, எட்டுக்குள் முடித்துவிடுங்கள்.

அப்பத்தா, ஆயா, ஐயா

பெற்றோர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்க, பிள்ளை ஊரில் வளரும் வீடுகள் செட்டிநாட்டில் பல. அங்கே உணவுக் கொள்கை தாத்தா பாட்டி கையில். போனில் "இதைக் கொடுக்காதீங்க" என்று சொன்னால் மனம் வருத்தப்படும், பலன் இருக்காது. என்ன கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். "ஆயா, நீங்க வைக்கிற வெண்டைக்காய் மண்டி அவனுக்கு ரொம்பப் பிடிக்குதாம், வாரம் ரெண்டு நாள் வைங்க" என்றால் வேலை நடக்கும். மருத்துவரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிப்போங்கள். கழுத்துக் கறுப்பு அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்று மருத்துவர் வாயால் கேட்டால் அவர்களே காவலாக நிற்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும்போது சாக்லேட் டப்பாவுக்குப் பதில் பந்து, ஸ்கிப்பிங் கயிறு, பூப்பந்து மட்டை. கொண்டுவந்த சாக்லேட் இருந்தால் அன்றே எல்லோருக்கும் பங்கிட்டுவிடுங்கள்; குளிர்பதனப் பெட்டியில் இருப்பதைத் தின்னாதே என்று பிள்ளையிடம் சொல்வது கொடுமை.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு இருக்க வேண்டும். தம்பிக்குச் சீயம், அண்ணனுக்கு வெள்ளரிக்காய் என்று பிரித்தால் அது தண்டனை. "பூசணி", "குண்டு" என்ற பட்டப்பெயர்களை வீட்டில் யாரும், மாமா சித்தப்பா உட்பட, சொல்லக் கூடாது. கேலிக்கு ஆளான பிள்ளை விளையாட்டு மைதானத்துக்குப் போகாது, தனியாக உட்கார்ந்து அதிகம் தின்னும்.

பள்ளி செய்ய வேண்டியது

பள்ளி வளாகத்துக்குள்ளும் வாசலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. 50 மீட்டர் என்பது பெரியவர் நடையில் 65 எட்டு அளவு. தலைமையாசிரியரே ஒரு நாள் நடந்து பார்க்கலாம். அந்த எல்லைக்குள் பெட்டிக்கடை இருந்தால் முதலில் கடைக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் பிழைப்பு கெடக் கூடாது. அவித்த கடலை, 30 கிராம் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம், கொய்யா, வெள்ளரி, மோர் எல்லாம் விற்கலாம் என்று பட்டியல் கொடுத்து, அவற்றைத்தான் வாங்குங்கள் என்று பெற்றோருக்கும் பள்ளி சொல்ல வேண்டும். பேசியும் கேட்காவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதலாம். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வையுங்கள். தனியார் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில். வாய்ப்பேச்சு அடுத்த கூட்டத்தில் மறந்துபோகும், தீர்மானப் புத்தகத்தில் ஏறியது நிற்கும்.

பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கும்படி சி.பி.எஸ்.இ. 2025இல் அறிவுறுத்தியது. மற்றப் பள்ளிகளும் செய்யலாம், செலவே இல்லை. ஒரு தெர்மகோல் அட்டையில், பிள்ளைகள் வாங்கும் பாக்கெட்டுகளின் காலி உறைகளை ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பின்பக்கக் கணக்கின்படி சர்க்கரையை நிறுத்துச் சிறு பிளாஸ்டிக் உறையில் கட்டி ஒட்டுங்கள். நிறுப்பதையும் பெருக்குவதையும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யட்டும். ஆசிரியர் எழுதித் தொங்கவிடும் பலகையை யாரும் பார்ப்பதில்லை.

விளையாட்டுப் பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் எடுத்துக்கொள்வதைத் தலைமையாசிரியர் நிறுத்த வேண்டும். 5 முதல் 17 வயதுவரை தினமும் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பருமனான பிள்ளையை ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக ஓடவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது பயிற்சி ஆகாது. கிளித்தட்டு, கபடி, எறிபந்து, குண்டெறிதல் போன்றவற்றில் பலமான உடம்புக்கு மதிப்பு உண்டு, அங்கே தொடங்குங்கள். ஏப்ரல், ஜூன் வெயிலில் நடுப்பகல் மைதானம் வேண்டாம், காலை முதல் பீரியடுக்கு மாற்றுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கைகழுவும் நேரம் போக 20 நிமிடம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பத்து நிமிடத்தில் விழுங்கும் பிள்ளைதான் நாலு மணிக்குப் பெட்டிக்கடையில் நிற்கிறது. பிறந்தநாளுக்குச் சாக்லேட் பை கொண்டுவருவதை மாற்றி, வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் அல்லது ஆளுக்கொரு பென்சில் என்று வைக்கலாம். சரியான விடைக்கு மிட்டாய் கொடுக்கும் ஆசிரியர் அதை ஸ்டிக்கராக மாற்றிக்கொள்ளலாம்.

அரசு, உதவிபெறும் பள்ளிகளில் வேறு கணக்கும் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு. வீட்டில் நாலு இட்லி, பள்ளியில் பொங்கல் என்று இரண்டு காலை உணவு ஆகிவிடாமல் பெற்றோர் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் சாப்பிடும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு டம்ளர் பால் போதும். பருமனான பிள்ளைக்குச் சத்துணவையோ முட்டையையோ குறைக்கவே கூடாது. அவித்த முட்டை 75 கலோரிக்குள் 6 கிராம் புரதம் தருவது. மெலிந்த பிள்ளையும் அதே வரிசையில்தான் நிற்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உயரம், எடை எடுப்பதை ஜூனிலும் ஜனவரியிலும், திரை மறைவில், ஒவ்வொருவராக, எண்ணை உரக்கச் சொல்லாமல் செய்யுங்கள். முடிவை உறையில் இட்டுப் பெற்றோருக்கு அனுப்புங்கள். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் இந்தப் பட்டியலைக் கையில் கொடுத்தால், யாரை முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

தூக்கம்

6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18க்கு 8 முதல் 10. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடி, மறுநாள் இனிப்புத் தேடும். டியூசன் ஒன்பது மணிவரை போனால் நேரத்தை மாற்றக் கேளுங்கள். கைபேசிகள் இரவு வீட்டு முகப்பில் ஒரே இடத்தில் இருக்கட்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து.

விசேஷ நாட்கள்

கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்), திருவிழா என்று சேர்ந்து வரும் மாதங்களில் விருந்தைத் தடுக்காதீர்கள். விருந்து நாளில் மற்ற இரண்டு வேளையைப் பட்டினி போடவும் வேண்டாம். பசியோடு பந்தியில் உட்காரும் பிள்ளை இரட்டிப்பாகச் சாப்பிடும். கிளம்பும் முன் ஒரு முட்டையோ மோரோ கொடுங்கள். பந்தியில் இனிப்பு ஒன்று, முதல் பரிமாறல் மட்டும். பைபையாக வீட்டுக்கு வரும் சீரும் பலகாரமும்தான் அடுத்த பத்து நாளைக் கெடுப்பவை. மனகோலம், அதிரசம், மாவுருண்டைத் தூக்குகளை மறுநாளே உறவுக்கும் வேலை செய்பவர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

மருத்துவரிடம் எப்போது

பி.எம்.ஐ. பருமன் எல்லையைத் தாண்டியிருந்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனையிலும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். பத்து வயதுக்கு மேல் என்றால் ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதி ஆகியவற்றைச் சோதிப்பார்கள். ரத்த அழுத்தம் எந்த வயதிலும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள் சில. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போன்ற கறுப்பு. சத்தமான குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும். அடிக்கடி தலைவலி. அதிகத் தாகமும் இரவில் பலமுறை சிறுநீரும். பூப்பெய்திச் சில வருடங்கள் ஆகியும் மாதவிடாய் ஒழுங்கில்லாமை. இடுப்பிலோ முழங்காலிலோ வலி வந்து நொண்டி நடந்தால் அன்றே காட்டுங்கள். இடுப்பு மூட்டில் எலும்பின் தலை நழுவியிருக்கலாம். எடை ஏறி உயரம் மட்டும் நின்றுபோயிருந்தால் காரணம் சாப்பாடாக இல்லாமல் தைராய்டோ வேறு சுரப்பியோ ஆக இருக்கலாம். மூச்சிரைப்புக்கோ தோல் நோய்க்கோ ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாளாகக் கொடுத்துவந்திருந்தால் அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மற்றபடி, மாற்றங்களைத் தொடங்கி மூன்று மாதம் கழித்து உயரத்தையும் எடையையும் எடுத்துப் பாருங்கள். உயரம் ஏறி எடை நின்றிருந்தால் வழி சரி. எடை ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால், ஒரு வாரம் நாலு மணி முதல் எட்டு மணி வரை பிள்ளை வாயில் போட்டதை எல்லாம், டியூசன் வீட்டில் கிடைத்த பிஸ்கட் உட்பட, ஒரு தாளில் எழுதுங்கள். ஓட்டை எங்கே என்று பெரும்பாலும் மூன்றாம் நாளிலேயே தெரிந்துவிடும்.